உள்ளே குடியிருந்த மெஷின்

கண்டுபிடித்த கோளாறை வெளியே சொல்வதில்லை என்று கைலாசம் முடிவு கட்டியது 1989 ஆடிக் கடைசியில், ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு. பத்து இருபதுக்குத்தான் அதைக் கண்டே பிடித்திருந்தார். இடையில் தபால்காரர் வந்துவிட்டார்.

குமாரபாளையத்தில் காளியண்ணன் முதலாளியின் கைலி குடோனில் அவர் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எந்தக் கலர் நூல் எத்தனை இழை என்று கைலிக்குக் கட்டம் போட்டு அச்சடிக்கும் புரோகிராம் ஒன்று பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அது புகைந்து போய்ச் சேர்ந்தது. புதிதாக வந்ததற்கோ அந்தப் புரோகிராமின் பாஷையே தெரியாது. சேலத்துக்காரர் ஒருவர் பிளாப்பி ஒன்றைக் கொடுத்து, இதைப் போட்டால் புது மெஷினுக்குள் ஒரு பழைய மெஷின் குடிவந்துவிடும், புரோகிராம் அதற்குள் ஓடும் என்றார். குடிவந்தது வாஸ்தவம்தான். வந்ததும் வராததுமாகக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொண்டது. எந்தப் பட்டனைத் தட்டினாலும் அசையவில்லை.

குடோனுக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்ததால் மெஷின் கைலாசம் வீட்டுக்கே வந்திருந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டார் மனுஷன். சும்மா உடைக்கவில்லை. எந்தப் பட்டன் எதற்கு என்று மனைவி தெய்வநாயகிக்குப் பாடம் நடத்திக்கொண்டே உடைத்தார். நான்காம் நாள் பிடிபட்டது. உள்ளே இருப்பது எழுந்ததும் முதலில் பிரிண்டரைத்தான் தேடுகிறது. பிரிண்டர் வயர் லூசு. அங்கிருந்து பதில் வரட்டும் என்று அது பாட்டுக்குக் காத்துக்கிடக்கிறது. வயரை அழுத்தினார், ஓடியது.

அப்போதுதான் ராசிபுரத்து மாமனார் கண்ணுசாமியின் கார்டு வந்தது. அடுத்த மாதம் மச்சானுக்குக் கல்யாணம். மூத்த மாப்பிள்ளை முன்னதாகவே வந்து, வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவேண்டும். நூற்றுப்பத்து வீடு. எந்த வீட்டிலும் காப்பியை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, சொன்னால் அந்த வீட்டார் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள். கொழுந்தியாள் கல்யாணத்தின்போது ஒரே நாளில் முப்பத்திரண்டு காப்பி குடித்துவிட்டு, இரண்டு நாள் கொல்லைப்புறமே கதியாகக் கிடந்தவர் கைலாசம். கார்டை இரண்டு தரம் படித்தார். மேஜைக்கடியில் கால் கட்டைவிரலால் வயரை மெல்ல நெம்பிவிட்டார். மெஷின் நின்றது.

கோளாறு தீராமல் முதலாளி லீவு தரமாட்டார் என்று மனைவியிடம் வருத்தமாகச் சொன்னார். அவளும் வருத்தமாகத் தலையாட்டினாள். நமக்கு வாய்த்தவள் எவ்வளவு வெள்ளந்தி என்று அவருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

பத்து நாள் இப்படியே ஓடியது. தறியெல்லாம் டிசைன் இல்லாமல் நிற்கிறது என்று முதலாளியே நேரில் வந்துவிட்டார். கைலாசம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கோளாறு ரொம்ப ஆழத்தில் இருக்கிறது, கல்யாண மாதம் தாண்டிவிடும் என்றார்.

தெய்வநாயகி ஒரு கட்டுத் தாளோடு வந்தாள்.

"ஏனுங்கண்ணா, இதுல முப்பது டிசைன் இருக்குதுங்க. சரியா வந்திருக்குதான்னு பாருங்க."

முதலாளி புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இழைக்கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. "இதையெல்லாம் எப்பம்மா எடுத்தே?"

"அவங்க கிணத்தடிக்குத் தண்ணி வாத்துக்கப் போறப்பங்க. அவங்க காலை எடுத்துட்டாப் போதுமுங்க, நல்லா ஓடுது."

கைலாசம் இரண்டு கால்களையும் நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். இனி மெஷினை அம்மாவே பார்த்துக்கொள்ளட்டும், சம்பளம் தனியாகத் தருகிறேன், கைலாசம் கல்யாணம் முடிகிறவரை ராசிபுரத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தாள்களோடு புறப்பட்டார்.

கைலாசத்துக்கு ஒரு நப்பாசை. கூடவே இவளும் வந்தால் பாதிக் காப்பியை இவள் தலையில் கட்டலாமே.

"நீயும் வாரியல்ல? உன் தம்பி கல்யாணமாச்சே."

"முகூர்த்தத்துக்கு வாரனுங்க. எனக்குத்தான் இப்ப லீவு இல்லீங்களே." தெய்வநாயகி வயரை அழுத்திவிட்டு உட்கார்ந்தாள். "உங்களுக்கு ஒரு மாசம் லீவுன்னு அப்பாவுக்குப் போன வாரமே கார்டு போட்டுட்டனுங்க. ஆத்தூர்ச் சொந்தத்தையும் சேத்துட்டாராம், இப்ப நூத்தியெம்பது ஊடுங்க."