ஆஃப் என்றால் ஆஃப்தானே?

"தி அலாரம் வென்ட் ஆஃப்!" என்று போனில் கத்தினார் மேனேஜர்.

ஐஸ்கிரீம் கிடங்கின் சூப்பர்வைசருக்கு அப்பாடா என்றிருந்தது. அலாரம் அணைந்துவிட்டது. நல்லதுதானே? "வெரி குட் சார்!"

"வாட் குட்? டூ சம்திங்!"

மேனேஜருக்கு வேறு கட்டடம், பேச்சு போனில்தான். சேர்ந்த புதிதில் அவரிடம் இங்கிலீஷிலேயே அளந்து, கனவுகூட இங்கிலீஷில்தான் வரும் என்று சொல்லி வைத்திருந்தார் நம்மவர். இப்போது அர்த்தம் கேட்டால் மானம் கப்பலேறிவிடும். குளிர் அறை சூடாகி, மேனேஜரின் போனில் அலாரம் அலறுகிறது என்பது நம்மவருக்கு எட்டவேயில்லை.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். "அலாரம் ஆஃப் ஆயிடுச்சாம். ஆன் பண்ணுய்யா."

"ஆன்லதான் சார் இருக்கு."

"மேனேஜர் பொய் சொல்றாரா? அழுத்துய்யா!"

சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினான். கட்டடம் முழுக்கத் தீ மணி அடித்தது. குளிர் அறைக் கதவைப் பப்பரப்பா என்று திறந்து போட்டுவிட்டு அத்தனை பேரும் தெருவுக்கு ஓடினார்கள்.

மேனேஜர் வந்தபோது உள்ளே சூப்பர்வைசர் மட்டும்தான். பெட்டிகள் ஒழுகிக்கொண்டிருந்தன. பால் தொட்டியின் மூடியைத் தூக்கி முகர்ந்த மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"தி மில்க் இஸ் ஆஃப்!"

பாலுக்கு ஏது சுவிட்ச்? ஓகோ, கலக்குகிற மெஷினைச் சொல்கிறார்! ஓடிப்போய்த் தட்டிவிட்டார். கெட்டுப்போன பால் சுழன்றெழுந்து மேனேஜரின் முகம், சட்டை, மீசை எதையும் பாக்கி வைக்கவில்லை.

"கால் ஆஃப் தி வேன்!" என்று அலறினார் மேனேஜர்.

கால் என்றால் கூப்பிடு. இதுகூடத் தெரியாதா? கூப்பிட்டார். வர வேண்டாம் என்று சொல்லச் சொன்ன வேன் வந்து, உருகியதையெல்லாம் ஏற்றிக்கொண்டு கடைகளுக்குப் பறந்தது.

மேனேஜர் படியில் உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறந்தார், மூடினார். "யூ... யூ..." மேலே வார்த்தை வரவில்லை. வேலை போயிற்று என்று முடிவுகட்டினார் சூப்பர்வைசர்.

சேதி கேட்டு மாற்றுச் சட்டையோடு மேனேஜரின் மனைவி வந்து இறங்கினார். சூப்பர்வைசர் அவரிடம் ஓடினார்.

"அம்மா, மன்னிச்சிடுங்கம்மா! சார் பேசற இங்கிலீஷ் எனக்குச் சத்தியமா புரியலம்மா!"

அந்தம்மா அவரையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட, உங்களுக்குத் தமிழ் வருமா? உங்ககிட்டப் பேசறதுக்காகவே இந்த மனுஷன் டியூஷன் வெச்சு இங்கிலீஷ் கத்துக்கிட்டிருக்காரே!"