அண்ணையின் வாய்

சில்க்போர்க் நகரத் தமிழர் முகநூல் குழுவுக்குச் சுபாங்கன்தான் நிர்வாகி. கேட்டதற்கெல்லாம் யாழ்ப்பாணத் தமிழில் பதில் சொல்லும் சாட்பொட் ஒன்றைக் குழுவில் விட்டு, அதற்கு ‘அண்ணை’ என்று பெயரும் வைத்தான். இனி டென்மார்க் முழுக்கத் தன்னைப் பற்றிப் பேசும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

பேசியது.

பிறந்தநாளுக்கு என்ன கேக் செய்யலாம் என்று மேரிசெலின் அன்ரி கேட்டா. “போனமுறை வெட்டினது கேக்கோ, செங்கல்லோ? இந்தமுறை பல்வைத்தியரையும் கூப்பிடுங்கோ” என்றது அண்ணை. குழுவின் ஆண்டு விழாவில் எந்தப் பாட்டைப் பாடலாம் என்று றொபேட் மாஸ்டர் கேட்டார். “பாடாமல் விட்டால் சனம் சாப்பாடு வரைக்கும் இருக்கும்” என்றது.

முறைப்பாடுகள் குவிந்தன. சுபாங்கன் வியர்க்க வியர்க்க எழுதினான்: ‘இது முழுக்க முழுக்க இயந்திரத்தின் பிழை. மனிதர் எவருக்கும் தொடர்பில்லை.’

பக்கத்தில் இருந்த மனைவி சயந்தினி எட்டிப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, இந்தப் பல்வைத்தியர் பகிடி நீங்கள் காருக்குள்ள சொன்னதெல்லோ?”

“மெஷினுக்குச் சொந்த மூளை இருக்கப்பா.”

“இந்த மூளையை எனக்குக் கலியாணம் கட்டின நாளில இருந்து தெரியும். எதைக் காட்டி அதுக்குத் தமிழ் பழக்கினனீங்கள்?”

சுபாங்கன் குரலைத் தாழ்த்தினான். “எஸ்பியர்க்கில இருக்கிற தம்பியோட நான் வட்ஸ்அப்பில கதைச்சதை.”

“முழுக்கவோ?”

“முழுக்க.”

வெளியே தெரிந்தால் இனி ஒரு கலியாண வீட்டிலும் தலைகாட்ட முடியாது. “சயந்தி, நீர்தான் காப்பாத்த வேணும்!”

“அப்ப நிர்வாகிப் பொறுப்பை என்னட்டைத் தாங்கோ.”

மறுபேச்சில்லாமல் கொடுத்தான். அவள் அன்ரிக்குப் போன் எடுத்தாள். “அன்ரி, அதுக்கு வாய் சரியில்லை, விடுங்கோ. இவர் நாளைக்குக் கேக்கோட வாறாராம், மன்னிப்புக் கேக்க. ஓம், ஓம், தானே செய்து.” அடுத்தது மாஸ்டர். “இவர் முன்வரிசையில இருந்து கேப்பாராம், மாஸ்டர். எல்லாப் பாட்டையும்.”

சாப்பாட்டு நேரத்துக்குள் முறைப்பாடுகள் எல்லாம் மறைந்துவிட்டன. அன்ரி ஒரு சிவப்பு இதயமும் போட்டிருந்தா. சுபாங்கனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“சயந்தி, அந்தச் சனியனை நிப்பாட்டிட்டீரோ?”

“ஓம், எல்லாருக்கும் நிப்பாட்டிட்டன்.” கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். “எனக்கு மட்டும் விட்டிருக்கிறன். இப்ப என்ர சமையலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்குது.”