பத்தாவது ஆளுக்கு வரவேற்பு

"பத்துப் பேரு, சிலுவை. பேச்சு அதுதானே? பத்து இல்லேன்னா நாளைக்குக் காலையில சுங்கை ரோட்டுப் பழைய இரும்புக்காரன் லோரியோட வந்துடுவான்லா. எனக்கு வெங்காய மூட்டை அடுக்க இடம் வேணும்."

இப்படிச் சொல்லிவிட்டு ரவூப் கொட்டகை வாசலில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கொட்டகை அவருடையது. பழைய வானூர்தி அன்பர் கழகம் பத்து உறுப்பினர்களோடு நடக்கும் வரை இடம் சும்மா, ஒருவர் குறைந்தாலும் விமானத்தோடு சேர்த்து இடமும் அவருக்கே என்று 1958இல் எழுதிக் கையெழுத்துப் போட்டவர், கழகச் செயலாளர் சிலுவைராஜேதான். சீக்கிரமே நூறு பேரைத் தாண்டிவிடுவோம் என்று அப்போது அவர் நம்பினார். இப்போது 1961. நம்பிக்கை மட்டும் குறையவில்லை.

கொட்டகைக்குள் நின்றது ஒரு டைகர் மோத் விமானம். மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடம்பு, எஞ்சின் கிடையாது. பன்னிரண்டு வயதில் கல்லாங் விமானத் திடலின் வேலியைப் பிடித்துக்கொண்டு இந்த ரகம் வானில் ஏறுவதைப் பார்த்த நாள் முதல் சிலுவைராஜுக்கு அதன்மேல் பைத்தியம். இரும்புக்காரன் அதைச் சுத்தியலால் பிளக்கப்போகிறான் என்று நினைத்தாலே அவர் எழுந்து போய் அதன் இறக்கையை ஒருமுறை தடவிவிட்டு வருவார்.

கழகத்தின் கடிதத்தாளில் பத்துப் பெயர்கள் அச்சாகியிருந்தன. தலைவர், துணைத்தலைவர் இருவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர் என்று ஆரம்பித்து கௌரவக் காப்பாளர் வரை பத்தும் பதவிகள். காப்பாளர் ஈப்போவுக்கு மாற்றலாகிப் போனதும் சிலுவைராஜ் அவர் பெயரைப் பேனாவால் அடித்தார். ஒன்பது ஆயிற்று. சாதாரண உறுப்பினர் என்று யாராவது இருந்தால் பதிவேட்டில் இருப்பார். பதிவேடு துணைச் செயலாளரிடம் இருந்தது. அவர் அதைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பொருளாளரோ அப்படி ஒன்று இருப்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்.

புது ஆட்கள் வராமல் இல்லை. வந்தவர்களைக் கழகம் வரவேற்றது, அதுதான் தொல்லை. வருபவரை வாசலிலேயே மறித்து, விமானியின் தோல்தொப்பியையும் பெரிய கண்ணாடியையும் மாட்டி, கழுத்து மறைய மாலை போட்டு, விமானத்தில் ஏற்றி உட்காரவைப்பார்கள். பிறகு நிர்வாகிகள் அத்தனை பேரும் பதவி வரிசைப்படி, தலைவர் மட்டும் கடைசியாக, வாழ்த்திப் பேசுவார்கள். பெயரைச் சொல்லக்கூட ஏற்புரை வரை காத்திருக்க வேண்டும். ஒருவர் மூன்றாவது பேச்சிலேயே இறக்கைத் துணியை மிதித்துக் கிழித்துக்கொண்டு ஓடினார். போன வருஷம் ஒருவர் ஏழு பேச்சு கேட்டார். எட்டாவது முடிந்து பார்த்தால் இருக்கையில் மாலையும் தொப்பியும் கண்ணாடியும் மட்டும் இருந்தன. அதன் பிறகு எந்த மாலைக் கூட்டத்திலும் அவரைக் காணோம்.

"வரவேற்புல குறை வெச்சுட்டோம், அதான்," என்றார் தலைவர் மாணிக்கம். எனவே இந்த வருஷம் கால் மணிப் பேச்சை அரை மணி ஆக்கினார்கள்.

இறக்கைத் துணி எங்கே கிழிந்தாலும், ஒரு வருஷமாக அது ஒரே வாரத்தில் ஒழுங்காகத் தைபட்டுவிடும். விமானத்திலும் தூசி தும்பு இருக்காது. யார் செய்வது என்று யாரும் கேட்டதில்லை. மற்ற எட்டுப் பேரில் யாரோ ஒருவர் என்று ஒன்பது பேரும் நினைத்துக்கொண்டார்கள். சிலுவைராஜ் அதை நிர்வாகத் திறமை என்று ஆண்டறிக்கையில் எழுதியிருந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் இரண்டு மணிக்கு, கக்கத்தில் ஒரு துணிப் பொட்டலத்தோடு ஒல்லியான மனிதர் ஒருவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நான் வந்து..." என்றார்.

"வந்தீங்களே, அது போதும்!" சிலுவைராஜ் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். அதற்குள் தொப்பியும் கண்ணாடியும் ஏறிவிட்டன.

"இல்லீங்க, அந்தக் கீழ் இறக்கையில..."

"விமானத்தைப் பத்தி எல்லாம் நாங்களே விளக்கிச் சொல்லுவோம். ஏறுங்க, ஏறுங்க!"

பொட்டலத்தைப் பொருளாளர் வாங்கிக்கொண்டு, "புதிய அன்பர் கழகத்துக்கு அளித்த அன்பளிப்பு" என்று அறிவித்தார். கைதட்டினார்கள். அவர் ஏணியில் ஏறி உட்கார்ந்ததும் சிலுவைராஜ் ஏணியை எடுத்துக்கொண்டுபோய் ரவூப் பக்கத்தில் சாத்திவைத்தார். இந்த ஆளையும் விட்டால் வேறு ஆள் கிடையாது.

"ஏணி எதுக்குய்யா இங்க?" என்றார் ரவூப்.

"பாதுகாப்புக்கு."

முதலில் பேசப்போவது யார் என்பதில் துணைத்தலைவர்கள் இருவருக்கும் தகராறு வந்தது. சமாதானமாக இருவருக்கும் முக்கால் மணி என்று முடிவாயிற்று. முதலாமவர் பறவைகளிலிருந்து ஆரம்பித்தார். அரை மணியில் புறாவைத்தான் எட்டியிருந்தார்.

வந்தவர் கையைத் தூக்கினார்.

"பாருங்க, வணக்கம் சொல்றாரு," என்றார் மாணிக்கம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து ஒரு காலை வெளியே போட்டார். சிலுவைராஜ் பாதி எழுந்தார். இறக்கையில் கால் வைத்தால் சுலபமாக இறங்கிவிடலாம், முன்னால் வந்தவர்கள் அப்படித்தான் போனார்கள். ஆனால் இவரோ இறக்கைத் துணியைக் குனிந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். காலை உள்ளே இழுத்து மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"என்ன பண்பாடு! இப்படி ஒரு ஆளுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்," என்றார் சிலுவைராஜ். கண்ணே கலங்கிவிட்டது அவருக்கு.

நாலரை மணிக்கு சிலுவைராஜின் மனைவி பிலோமினம்மாள் கேசரித் தட்டோடு வந்தார். விமானத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் சட்டைக் காலரில் நூலோடு குத்தியிருந்த ஊசியையும் பார்த்தார்.

"என்னங்க, இவரு... ஞாயித்துக்கிழமை காலையில நீங்க பூசைக்குப் போன பொறவு கொட்டகைச் சாவி வாங்க..."

"சாவி இப்ப முக்கியமா? கூட்டம் நடக்குதுல்ல? தட்டை வெச்சுட்டுப் போ."

"அதில்லீங்க, அவருக்கு முதல்ல ஒரு வாய் தண்ணியாவது..."

"ஏற்புரை முடிஞ்சதும் எல்லாம் குடுக்கலாம்."

பிலோமினம்மாள் தட்டை ரவூப் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆறாவது பேச்சாளர் காற்றின் வகைகளை விளக்கிக்கொண்டிருந்தபோது, விமானத்திலிருந்து ஒரு கை நீண்டது. எழுதுவதுபோல் விரல்கள் அசைந்தன. சிலுவைராஜ் துள்ளி எழுந்தார். தானாகவே விண்ணப்பம் எழுதக் கேட்கிறார்! கழகக் கடிதத்தாளையும் பேனாவையும் நுனிக்காலில் எக்கி நீட்டினார். உள்ளே வெகுநேரம் பேனா ஓடியது. பிறகு நான்காக மடித்த தாள் வெளியே வந்தது.

சிலுவைராஜ் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வெற்றியை முதலில் பார்க்க வேண்டியவர் ரவூப் அல்லவா? பேசிக்கொண்டிருந்தவரை நிறுத்திவிட்டு, தாளை நெஞ்சோடு அணைத்தபடி வாசலுக்கு நடந்தார். மூன்று வருஷக் கவலை தீர்ந்தது. டைகர் மோத் பிழைத்தது. அவருக்கு நடப்பதே பறப்பதுபோல்தான் இருந்தது.

"இந்தாங்க, பத்தாவது ஆளு! அவரே கைப்பட எழுதினது. சத்தமாப் படிங்க, எல்லாரும் கேக்கட்டும். லோரிக்காரனை வர வேணாம்னு சொல்லிடுங்க!"

நிர்வாகிகள் கைதட்டினார்கள். மாணிக்கம் தன் வாழ்த்துரைக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ரவூப் கேசரிக் கையைத் துடைத்துக்கொண்டு தாளை மனசுக்குள் ஒருமுறை படித்தார். விமானத்தில் இருந்தவரை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய் ஏணியை எடுத்து விமானத்தின் பக்கவாட்டில் சாத்தினார். வந்தவர் தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் தேக்கா பக்கம் நடந்தார். பொட்டலத்தைக் கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"என்ன ரவூப் பாய், என்ன எழுதியிருக்காரு?" என்றார் சிலுவைராஜ், இன்னும் சிரித்தபடியே.

"ராஜினாமாலா, சிலுவை. போன வருஷமே பதிவேட்டுல கையெழுத்துப் போட்டு ஒங்க பத்தாவது மெம்பர் ஆயிட்ட தையல்கார சேதுபதியாம் இவரு, வாராவாரம் வந்து இறக்கையைத் தைச்சிருக்காரு. ஒரு வரவேற்பைத் தாங்கிட்டாராம், ரெண்டாவது முடியலையாம்."