கில்மோரன் டிஸ்கோவுக்கு நான் சரி சொன்ன கதை

கில்மோரன்,
ராஸ்காமன் மாவட்டம்,
ஜூன் 17, திங்கட்கிழமை.

ஜாம்பியாவில் கர்த்தருக்கும் கணக்குப் பாடத்துக்கும் ஊழியம் செய்துவரும் என் மூத்த அக்கா, சகோதரி பெர்னடெட் அவர்களுக்கு, தம்பி கொல்ம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், நோரீன், கிரானியா, பசுக்கள் எல்லாரும் நலம். உங்கள் மடத்து கிணறு மோட்டார் சரியாகிவிட்டதா? நீங்கள் கேட்ட தேயிலை நான்கு பாக்கெட் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அக்கா, போன கடிதத்தில் "ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தேன். அதை எழுதி நாக்கால் உறையை ஒட்டிய ஈரம் காய்வதற்குள் விசேஷம் வந்துவிட்டது. நம்ம டைக் லோகனை நினைவிருக்கிறதா? முன்னால் மதுக்கடை, பின்னால் நடன கிளப், பக்கத்தில் சவ அடக்க நிலையம், மூன்றுக்கும் ஒரே முதலாளி. நாம் அப்பாவைக் கிடத்தியதும் அங்கேதான், நானும் நோரீனும் முதன்முதலில் ஆடியதும் அங்கேதான், நடுவில் ஒரே ஒரு சுவர். அந்த டைக் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வெள்ளிக்கிழமை டிஸ்கோ நடத்துகிறேன் என்று போஸ்டர் ஒட்டிவிட்டான். பதிமூன்றிலிருந்து பதினாறு வயது வரை, மாலை ஏழிலிருந்து பத்து மணி, ஆரஞ்சு ஜூஸும் சிப்ஸும் மட்டும், வாசலில் பையைச் சோதிப்பார்கள், உள்ளே போனால் பெற்றவர் வந்து கூப்பிடாமல் வெளியே விடமாட்டார்கள். கிரானியாவுக்குப் பதிமூன்று முடிந்து ஏழு வாரம் ஆகிறது. சாப்பாட்டு மேசையில் கேட்டாள். நோரீன் ஆஸ்பத்திரியில் எத்தனையோ அவசரத்தைச் சமாளிக்கிறவள், இதற்கு மட்டும் "அப்பாவைக் கேளு" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு எடுக்கப் போனாள், திரும்பவே இல்லை. நான் என்ன செய்வேன்? கொஞ்சம் புத்திசாலித்தனமாக, "கறிக்கடை ஃபீனி வீட்டு ஷெவான் போனா நீயும் போ" என்றேன். ஜார்லத் ஃபீனி தன் மகளை சினிமாவுக்கே விடாத ஆள். விஷயம் முடிந்தது என்று நிம்மதியாகப் பால் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எங்கே முடிந்தது? மறுநாள் சாயங்காலம் ஐந்து பெண்கள் என் சமையலறையில் வரிசையாக நிற்கிறார்கள். ஷெவான் கையில் ஒரு நோட்டுப் புத்தகம். "அங்கிள், எங்கப்பா சொல்றாரு, தபாலாபீஸ் அட்ராக்டா ஆன்ட்டி அவங்க பொண்ண விட்டா என்னையும் விடறாராம். ஆன்ட்டி சொல்றாங்க, ரெட்டைப் புள்ளைங்க போனா விடறாங்களாம். ரெட்டைங்க அம்மா சொல்றாங்க, கிரானியா போனா பாத்துக்கலாமாம். நீங்க சொல்றீங்க, நான் போனா." நோட்டில் அம்புக்குறி போட்டு வட்டமாக வரைந்திருந்தாள் அக்கா. சுற்றிச் சுற்றி வந்து என் பேரில் போய்க் குத்தி நின்றது. "யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும் அங்கிள். நீங்கதான் இருக்கறதுலயே கண்டிப்பானவர்னு எல்லா வீட்லயும் சொல்றாங்க. அதான் உங்ககிட்ட வந்தோம். நீங்க என்ன சொன்னாலும் நாங்க கேட்டுக்கறோம்."

எனக்கு ஒரு நல்ல பிரசங்கம் தயாராக இருந்தது. பதினாலு வயசு ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஆரம்பித்து, படிப்பு, பண்பு, காது கெட்டுப்போவது எல்லாம் அதில் உண்டு. வாயைத் திறந்தபோது கிரானியாவைப் பார்த்தேன். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனதிலிருந்து இந்தப் பெண் என்னோடு லாரியில் வருவதில்லை, பால் பண்ணைக் கதை கேட்பதில்லை, "ம்" என்பதற்கு மேல் பேசுவதில்லை. இதற்கும் வேண்டாம் என்றால் இனிமேல் என்னிடம் எதையுமே கேட்கமாட்டாள் என்று தோன்றியது. உள்ளுக்குள் பயமாக இருந்தது அக்கா, உங்களிடம் சொல்வதற்கென்ன. அதனால் "சரி, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐந்தும் வெளுத்துவிட்டன. அவ்வளவு சந்தோஷம். ரெட்டையில் ஒருத்தி, "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா அங்கிள்?" என்று கூடக் கேட்டாள். நம்பவே முடியவில்லை பாவம்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடவிடாமல் போன் அடித்தது. ஜார்லத் ஃபீனி கத்துகிறான்: "யோவ், நீ மாட்டேன்னு சொல்லுவேன்னு நம்பித்தானய்யா சுத்தி விட்டேன். உன்னை மாதிரி ஆள் கவுத்துட்டா நாங்க எங்க போறது?" அட்ராக்டா அழுதாள், பிறகு என்ன உடை போட்டு அனுப்புவது என்று கேட்டாள், பிறகு மறுபடி அழுதாள்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கொண்டுபோய் விட்டோம். ஜூன் மாதத்து நீண்ட பகல், வெயில் நன்றாக இருந்தது. ஐந்தும் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயின. டைக் எங்களைப் பார்த்து, "எல்லாரும் வீட்டுக்குப் போங்க, பத்து மணிக்கு வாங்க, இங்க நின்னு புள்ளைங்க மானத்த வாங்காதீங்க" என்றான். எல்லாரும் வீட்டுக்குப் போவதாகச் சொன்னோம். நானும் சொன்னேன். தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு ஏழே காலுக்குத் திரும்பி வந்து பார்த்தால் ஜார்லத் அங்கே நிற்கிறான், கடையில் கத்தியை மறந்துவிட்டானாம், கறிக்கடை ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது. அட்ராக்டா வந்தாள், ரெட்டையின் அப்பா வந்தார், அம்மா வேறு காரில் தனியாக வந்தாள், ஒருவருக்கொருவர் தெரியாமல். யாரும் யாரையும் கேட்கவில்லை. பிள்ளைகள் கண்ணில் படாமல் இருக்க, பக்கத்து சவ அடக்க நிலையத்துச் சுவரோடு ஒட்டி வரிசையாக நின்றோம். உள்ளேயிருந்து இசை அதிர அதிர எங்கள் முகம் தொங்கிக்கொண்டே போனது.

அங்கேதான் அக்கா வினை. அன்று அந்த நிலையத்தில் மேல்மேட்டு மைக்கேல் கடிஹியைக் கிடத்தியிருந்தார்கள். தொண்ணூற்று நாலு வயது, கல்யாணம் ஆகாதவர், சொந்தமென்று ஒரே ஒரு மருமகன். நம் ஊர் வழக்கத்தில் அங்கே வரிசையாக நிற்பவர்கள் இறந்தவரின் சொந்தம்தானே. பக்கத்து ஊர்ப் பங்குக் கோயிலிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், தொப்பியைக் கழற்றினார், வரிசையில் முதலில் நின்ற என் கையைப் பிடித்து, "உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம்" என்றார். நீட்டிய கையை மறுப்பது எப்படி? "வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க" என்றேன். என்னை விட்டு ஜார்லத்திடம் போனார், அவனும் நன்றி சொன்னான். அவருக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய ஆட்கள். முதல் கையை வாங்கிக்கொண்ட பிறகு எழுபதாவது கையிடம் போய், நாங்கள் டிஸ்கோவுக்கு வந்தவர்கள் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு அம்மாள் அட்ராக்டாவைக் கட்டிப்பிடித்து, "திடீர்னு ஆயிடுச்சா?" என்று கேட்டாள். அட்ராக்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஒரே வாரத்துல எல்லாம் முடிஞ்சிடுச்சு. பதிமூணு வயசுதாங்க" என்றாள். அந்த அம்மாளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

எட்டரை மணிக்கு மருமகன்காரன் வெளியே வந்து எங்களைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் வந்து வரிசைக் கடைசியில் நின்றுகொண்டு என் காதில், "மாமாவுக்கு இத்தன சொந்தமான்னு எல்லாரும் அசந்து போறாங்க, போயிடாதீங்க" என்றான். சனிக்கிழமை பூசையில் சவப்பெட்டியைத் தூக்கியதும் நாங்கள்தான். கடிஹி கனமான மனிதர்.

பத்து மணிக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. கதவு திறந்ததும் கிரானியா ஓடி வந்தாள், முடியெல்லாம் வேர்வையில் நெற்றியில் ஒட்டி, ஷூ இரண்டும் கையில். காரில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து ஏழு மைலும் பேச்சு. யார் எப்படி ஆடினார்கள், யார் ஜூஸைக் கொட்டினார்கள், கணக்கு வாத்தியார் மகன் தனியாக நடுவில் நின்று ஆடியது, எதையும் விடவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தியும் இறங்காமல் பேசினாள். நான் என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்பது மாதத்துக்கு அப்புறம் என் பெண் என்னிடம் பேசினாள் அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது, தும்மல் மாதிரி சமாளித்தேன்.

ஆகவே நான் அனுபவத்தில் கண்டது என்னவென்றால், பிள்ளைகளை எப்போது அனுப்பலாம் என்பதைப் போஸ்டரைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பெற்றவன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் செருப்பைப் பார்த்து நின்ற நிலையிலேயே, போகவேண்டும் என்று எவ்வளவு ஏங்குகிறாள் என்பதை ஒரு நொடியில் படித்துவிட்டேன். மற்ற மூன்று வீட்டிலும் அந்தப் பார்வை இல்லை. அன்று முதல் ஜார்லத்துக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கறி வாங்கும்போதெல்லாம்.

உங்கள் மாலை ஜெபத்தில் எங்களையும், மைக்கேல் கடிஹியையும் நினைத்துக்கொள்ளுங்கள். நோரீன் அன்பு சொல்லச் சொன்னாள். கடிதத்தைத் தபாலில் போட கிரானியாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

என்றும் உங்கள் அன்புத் தம்பி,
கொல்ம் ஹான்ரஹன்

பின்குறிப்பு: அத்தை, நான் கிரானியா. உறை சரியா ஒட்டல, படிச்சிட்டேன். அப்பாகிட்ட சொல்லாதீங்க. எங்க அஞ்சு பேருக்குமே போக ஆசையே இல்ல. பயமா இருந்துச்சு. கிளாஸ்ல எல்லாரும் போறோம்னு சொல்லிட்டாங்க, எங்களால மட்டும் மாட்டோம்னு சொல்ல முடியல, அதான் வீட்ல மாட்டேன்னு சொல்லட்டும்னு கேட்டோம். எல்லார் வீட்லயும் நழுவிட்டாங்க. கடைசில எங்கப்பா கண்டிப்பா மாட்டேன்னுதான் சொல்லுவாருன்னு நாந்தான் எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன். அவர் சரின்னதும் நாங்க மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி போய் அழுதோம். ஷெவானுக்கு வாந்தியே வந்துடுச்சு. மத்ததெல்லாம் அப்பா எழுதினது நிஜம். அடுத்த மாசம் நாங்களா கேட்டுப் போகப் போறோம். அவர் என் முகத்தைப் படிச்சுட்டதா ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறாரு, ரொம்ப சந்தோஷமா இருக்காரு. அப்படியே இருக்கட்டும்.