குறையில்லாத் தெரு

பேரிகை நாட்டு அரசர் இரக்கமுள்ளவர். குடிகளின் குறையைக் கேட்காமல் காலைக் கஞ்சியில் கை வைக்கமாட்டார். கேட்பதற்கென்றே ஒரு முரசு வைத்திருந்தார். விடிந்ததும் முரசு வண்டி தெருத்தெருவாக வரும். "குறை உண்டா?" என்று கட்டியக்காரன் கூவுவான். முரசு மூன்று முறை அதிரும். மூன்றாம் அடிக்குள் குறையுள்ளவர் தம் வாயாலேயே "உண்டு" என்று சொல்லிவிட வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக் கூடாது. பதில் வராவிட்டால் குறை இல்லை என்று பொருள்.

அரசனுக்கு ஒரு சட்டம், ஆண்டிக்கு ஒரு சட்டம் என்று யாரும் பேசிவிடக் கூடாதல்லவா? அதனால் ஆண்டுக்கொருமுறை முடிசூட்டு நாளில் அதே முரசு அரசரையும் கேட்கும்: "அரியணைக்கு ஆள் உண்டா?" மூன்றாம் அடிக்குள் அரசரும் தம் வாயால் "உண்டு" என்பார். சனம் கைதட்டிவிட்டு வேலைக்குப் போகும்.

காளவாசல் தெரு அங்காயிக்கு அந்த முரசுதான் எமன். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் தெரு அது. அவள் மகள் பூவாத்தா வளர்ந்த பெண். பேச்சு கிடையாது. யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். முரசுச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுவாள். அங்காயி சுவருக்கும் தலைக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொள்வாள். அவள் புறங்கைப் புண் ஆறியதே இல்லை. அந்தக் கையை எடுத்துவிட்டு வாசலுக்கு ஓடி "உண்டு" சொல்ல அவளால் ஆகுமா? காளவாசல் தெரு குறையில்லாத் தெருவென்று அரண்மனை ஒரு தோரணம் கட்டிவிட்டுப் போயிற்று.

பூவாத்தாவைப் போல அந்தத் தெருவில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து தெருக்கோடியில் ஓர் ஓலைக் கொட்டகை போட்டார்கள். முறை வைத்து ஒருத்தி சூளைக்குப் போகாமல் நால்வரையும் பார்த்துக்கொள்வாள். அவள் சுமக்க வேண்டிய கூடைகளை மற்றவர்கள் சுமப்பார்கள். கொட்டகையில் ஒரு கயிற்று ஊஞ்சல், ஒரு குவியல் கிளிஞ்சல். பூவாத்தா பெரிது சிறிது பார்த்துக் கிளிஞ்சலை வரிசையாக வைப்பாள், கலைப்பாள், மறுபடி வைப்பாள். ஏன் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்தக் கொட்டகையை நம்பித்தான் அங்காயி நெருப்புக்கு முன்னால் நின்றாள்.

முரசைக் கேட்டால் அந்தத் தெருவில் சிலர் வீட்டுக்குள் ஓடுகிறார்கள் என்று நலம் விசாரிப்பு அமைச்சருக்குத் தகவல் போனது. அமைச்சர் ஆழ்ந்து யோசித்தார்.

"சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. பெரிய முரசு செய்யுங்கள்."

எட்டு எருமைத் தோலில் இரண்டு முரசுகள் தயாராயின. ஒன்று அரசவைக்கு. மற்றொன்று வண்டியில் ஏறவில்லை; காளவாசல் தெருவிலேயே நிரந்தரமாக நிறுத்த முடிவாயிற்று. தோதான இடம் தெருக்கோடி. கொட்டகையைப் பிரிக்க அமைச்சரே வந்தார்.

"ஐயா, இத மட்டும் விட்டுருங்க. எங்களுக்கு இருக்கிற ஆதரவே இதுதான்" என்றாள் அங்காயி.

"அம்மா, இருக்கும் ஆதரவை அகற்றினால்தானே அரசாங்கம் ஆதரவு தர இடம் கிடைக்கும்?"

"வெளங்கிரும்" என்றாள் பக்கத்து வீட்டு மூக்காயி. "பந்தியில எலைய உருவிட்டு சோறு போடுற கதைதான்."

"குறை இருந்தால் முரசுக்குப் பதில் சொல்லியிருக்கலாமே?" என்றார் அமைச்சர்.

"எம் மவளுக்குப் பேச்சு வராதுங்க. நாஞ் சொல்றேன், எழுதிக்கங்க."

"அவரவர் வாயால் சொல்ல வேண்டும். தாயென்றாலும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. முடிசூட்டு நாளன்று உன் மகளை அரசவைக்கு அழைத்து வா. அரசர் முன்னால் அவளே கேட்கட்டும், கொட்டகையைத் திருப்பித் தருகிறோம்."

கொட்டகை போயிற்று. அங்காயி மகளைத் தன் இடுப்போடு சேலையால் கட்டிக்கொண்டு சூளைக்குப் போனாள். மூன்றாம் நாள் பூவாத்தா வெந்த கிளிஞ்சலை வரிசை வைக்கக் கையில் அள்ளிவிட்டாள். உள்ளங்கை தோல் உரிந்தது. அதற்கு மேல் அங்காயி வேலைக்குப் போகவில்லை. அடுப்பும் எரியவில்லை.

முடிசூட்டு நாளில் மூக்காயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மகளோடு அரசவையில் நின்றாள். "குறை உண்டா?" என்று கட்டியக்காரன் கூவினான். அரசவையின் புது முரசு முதன்முதலாக அதிர்ந்தது. தூணிலிருந்து காரை உதிர்ந்தது. பூவாத்தா காதைப் பொத்திக் குனிந்தாள். அங்காயி தூணுக்கும் தலைக்கும் நடுவில் கையைக் கொடுத்தாள். நிமிர்ந்து பார்த்தால், அரியணையில் அரசரும் அதேபோலக் காதைப் பொத்திக் குனிந்திருந்தார்.

மூன்று அடியும் முடிந்தது. "பதில் இல்லை. ஆகவே குறை இல்லை. எழுதுக" என்றார் அமைச்சர்.

அரண்மனை வைத்தியர் ஓடிவந்து அரசரின் இரு காதிலும் மெழுகு தோய்த்த பஞ்சை அடைத்தார். அரசருக்கு உயிர் வந்தது. புன்னகையோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கட்டியக்காரன் அடுத்ததற்குப் போனான்.

"அரியணைக்கு ஆள் உண்டா?"

ஓரடி. அரசர் புன்னகைத்தபடியே இருந்தார். இரண்டாம் அடி. அமைச்சர் பாய்ந்து ஓடினார். அரசரின் தோளைத் தொட்டுச் சொல்ல அரியணைப் படியில் ஏறினார்.

"சாமி" என்றாள் அங்காயி. குரலை உயர்த்தவில்லை. "அவரவர் வாயாலதான சொல்லணும்? எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னீங்களே."

அடுத்த படிக்குத் தூக்கிய அமைச்சரின் கால் அந்தரத்தில் நின்றது. மூன்றாம் அடி விழுந்தது. அவை எழுத்தர் சட்டம் தவிர வேறெதுவும் அறியாதவர். "பதில் இல்லை. ஆகவே ஆள் இல்லை" என்று எழுதி, மை உலர மணலைத் தூவினார்.

ஆணையிட ஆளில்லாததால் மறுநாள் முரசு முழங்கவில்லை. தெருக்காரர்கள் முரசை உருட்டி ஓரமாக வைத்துவிட்டு, பழைய ஓலையையே எடுத்து வேய்ந்தார்கள். நால்வரையும் பார்த்துக்கொள்ளும் முதல் முறை மூக்காயியுடையது. அங்காயி சூளைக்குப் போனாள்.

அரியணைக்குப் போட்டியிட்ட இரண்டு பேர் ஆதரவு கேட்டு வந்தார்கள். ஒருவர் வெண்கல முரசு தருவதாகச் சொன்னார். மற்றவர் வீட்டுக்கொரு முரசு என்றார். பூவாத்தா அவர்களை ஏறிட்டும் பார்க்காமல் கட்டுப்போட்ட கையால் கிளிஞ்சலை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரை ராசாவாக்கலாம், நீயே சொல் தாயே" என்றார்கள்.

அங்காயி கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டாள்.

"என்னங்க அவசரம்? நல்லா நிதானமா தேடுங்க" என்றாள். "இப்பத்தான் நாங்க கொஞ்சம் நல்லாருக்கோம்."