மேசைக்கு வெளியே விழுந்த இருபது

துவைத்துக் காயப்போட்ட கிரேப் பேண்டேஜ்களை எடுத்துவந்து சுருட்டிக்கொண்டிருக்கிறேன். இறுக்கமாகவும் சுருக்கம் விழாமலும் சுருட்ட வேண்டும். இதற்குக் கையும் கண்ணும் போதும், வாய் சும்மாதான் இருக்கிறது. ஆகவே அதை உங்களுக்குத் தருகிறேன். செல்லாதுக்காரர் என்றொரு இனம் இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரியாத இனம் இல்லை. கேரம் ஆடும்போது சிவப்புக் காய் குழிக்குள் விழுந்து எல்லோரும் கத்தியபிறகு, உன் முழங்கை கோட்டைத் தாண்டியிருந்தது என்று சொல்பவர். தெருக் கிரிக்கெட்டில் பந்து ஜன்னலை உடைத்துக்கொண்டு போயிருக்க, வீட்டுக்காரர் கம்போடு வந்துகொண்டிருக்க, இது சிக்ஸரா அவுட்டா என்று நின்று விசாரிப்பவர். அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் மோட்டார் எரிந்து மூன்று மாடிக்குத் தண்ணீர் இல்லாதபோது, கூட்டத்துக்கு ஆள் போதவில்லை, எனவே மோட்டார் வாங்கும் தீர்மானம் செல்லாது என்று சொல்லிவிட்டு, தானும் குளிக்காமல் ஆபீஸ் போகிறவர். கவனியுங்கள், தானும் குளிக்காமல். அதுதான் அடையாளம். இவர் ஏமாற்றுக்காரர் இல்லை. ஏமாற்றுக்காரரைச் சமாளித்துவிடலாம். இவர் நேர்மையானவர். என்ன செய்வது?

இந்த இனத்துக்கு மாதிரியாக என் கண்ணெதிரில் ஒருவன் வளர்ந்துவருகிறான். பெயர் ஹரீஷ்குமார். வயது இருபத்தாறுக்குமேல் இராது. சிப்காட்டில் கார் உதிரிப் பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு நூலிழை கூடினாலும் சிவப்பு மை தடவி ஓரம் கட்டிவிடுவான். அங்கே அது சம்பளம் வாங்கித் தருகிற குணம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குணத்தை லீவில் விட்டுவிட்டு வரவேண்டாமா? கூடவே கூட்டிவருகிறான்.

வருவது நான் வேலை பார்க்கும் வீட்டுக்கு. வீடு தௌசிப்புடையது. அதே கம்பெனியில் மிஷின் செட்டராக இருந்தவன். ஜூஜுவாடி சர்வீஸ் ரோட்டில் பைக் சறுக்கி விழுந்து, வலது காலில் பிளேட், வலது கையில் நரம்பு அடி. அவன் அம்மா அஸ்மத் கடையையும் பார்த்துக்கொண்டு மகனையும் தூக்கிப் புரட்ட முடியாது என்பதால் என்னை நர்ஸாக வைத்திருக்கிறார்கள். கால் எலும்பு தன்பாட்டில் கூடிவிடும். கை அப்படியில்லை. நரம்பு உயிரோடு இருக்கிறது, ஆனால் அவனே விரலை அசைத்து அசைத்துத்தான் அதை வேலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விட்டால் இறுகிவிடும். இறுகினால் மிஷின் பக்கம் மறுபடி போக முடியாது. பயிற்சிக்கு ரப்பர் பந்து கொடுத்தார்கள், கட்டிலுக்கடியில் போனது. துணி க்ளிப் கொடுத்தார்கள், சுவரில் அடித்தான். நான் எண்ணெய் போட்டு நீவும்போது மட்டும் கையைக் கொடுப்பான், வேறு யாருடைய கையையோ இரவல் தருவதுபோல.

அவன் மறுக்காத ஒரே விஷயம் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. அதில் ஒருவன் கதை சொல்வான், மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அந்தக் கதைக்குள் இறங்கி நடப்பார்கள். கதை சொல்பவன் மணிவேல், உத்தனப்பள்ளிப் பக்கம் ரோஜாப் பண்ணையில் சூப்பர்வைசர், நல்ல குரல். தமிழ்செல்வி, பர்கூர் காலேஜில் படித்துவிட்டு இவர்கள் கம்பெனியில் டிசைன் வேலை பார்ப்பவள், கதையில் வில்லாளி. தௌசிப் பெரிய கோடரி வைத்த ராட்சதன். ஹரீஷ்குமார் கேடயம் பிடித்த காவல் வீரன். வேறென்னவாக இருப்பான்?

சண்டை வந்தால் இருபது முகம் கொண்ட பகடை ஒன்றை உருட்டுவார்கள். எதிரியின் கவசத்துக்கு ஓர் எண் உண்டு. பகடை அந்த எண்ணைத் தொட்டால் அடி பட்டது. தொடாவிட்டால் காற்றை வெட்டியது. பட்டால், எவ்வளவு பட்டது என்று பார்க்க வேறொரு பகடை. சிறு கத்திக்கு நான்கு முகம், பெரிய கோடரிக்குப் பன்னிரண்டு. இருபதே விழுந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட கவசமும் தாங்காது, அடியும் இரட்டிப்பு. அவ்வளவுதான். ஊசி போடக் கற்றுக்கொள்வதைவிடச் சுலபம். பிறகு பேச என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஹரீஷ்குமார் இருக்கிறான்.

"நான் அம்பு வுடறேன்" என்பாள் தமிழ்செல்வி.

"இரு, இரு. எதிரி மூக்குக்கு நேரா நிக்கறான். அவ்ளோ கிட்டக்க வில்லு எடுத்தா ரெண்டு தடவை உருட்டி, சின்ன நம்பரைத்தான் எடுத்துக்கணும்."

"சரி, பின்னாடி போயிட்டு வுடறேன்."

"பின்னாடி நகர்ந்தா அவனுக்கு ஒரு அடி ஃப்ரீ."

"அப்ப நான் என்னதான்டா பண்றது? நின்னு சாவறதா?"

"அதுக்குத் தடை ஒன்னும் இல்ல."

கதைக்குள் ஒரு சுற்று என்பது ஆறு நொடியாம். அந்த ஆறு நொடிக்குள் நான் குக்கரில் பருப்பு ஏற்றி, விசில் வந்து, அடங்கி, தாளித்தும் முடித்திருக்கிறேன். அதுவரை பூதம் ஓங்கிய வாளோடு அப்படியே நின்றது. சாப்பாட்டு நேரம்வரை கையைத் தூக்கி நிற்பதென்றால் பூதத்துக்கும் தோள்பட்டை போய்விடும். அதைப் பற்றி ஒரு விதியும் இல்லை.

ஆயுதம் எவ்வளவு கனம், எத்தனை அடி தூரம் எட்டும், உறையிலிருந்து எடுத்த அதே மூச்சில் வெட்டலாமா, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆனால் அவன் உயிர் இருப்பது கைக் கணக்கில்தான். எந்த வீரன் எந்தக் கையில் எதைப் பிடித்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டே இருப்பான். கேடயம் ஒரு கை, வாள் ஒரு கை, சரி; அப்படியானால் தீப்பந்தத்தை யார் பிடித்திருப்பது? இருட்டில் எல்லோரையும் ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டான்.

ஒரு வாரம் தௌசிப் சொன்னான்: "ராட்சதன் ஏணியில ஏறிக்கினே கோடரியால ஒன்னு போடறான்."

"ஆவாது குரு. ஒரு கை ஏணியில இருக்குது. பெரிய கோடரி ரெண்டு கை ஆயுதம். ஒத்தக் கையை வச்சிக்கினு ஒன்னும் பண்ண முடியாது."

தௌசிப்பின் வலது கை வழக்கம்போலத் தலையணைமேல் கிடந்தது. அவன் பகடை உருட்டுவது இடது கையால். தமிழ்செல்வி மேசைக்கடியில் ஓர் உதை விட்டாள்.

"யாரு உதைச்சது? எதுக்கு உதைக்கிற?" என்றான் ஹரீஷ்குமார், உண்மையாகவே தெரியாமல்.

கெட்டவனா? இல்லை. பழுதான காலைத் தூக்கி வைக்க என்னோடு ஆள் வேண்டுமென்றால் முதலில் எழுந்து வருபவன் அவன்தான். கதையில் இருக்கும் ராட்சதனின் கைகளை எண்ணுவதில் அவ்வளவு மும்முரம். எதிரில் உட்கார்ந்திருப்பவனின் கைகள் எண்ணிக்கையில் வரவில்லை. இந்த இனத்துக்குக் கண்பார்வையில் கோளாறு இல்லை, விதியில் எழுதாத எதையும் அது பார்ப்பதில்லை.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மணிவேல் ஒரு கருங்கல் பூதத்தைப் பாலத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். பர்கூர் குவாரியைப் பார்த்துத்தான் அதைச் செய்திருக்க வேண்டும், அவ்வளவு தூசி. தமிழ்செல்வியின் அம்பு தீர்ந்துபோனது. ஹரீஷ்குமாரின் காவல் வீரன் கேடயம் உடைந்து பூதத்தின் காலடியில் கிடந்தான். அடுத்த மிதியில் அவன் கதை முடிந்துவிடும். மூன்று வருடமாக வளர்த்த வீரன். மிச்சம் இருந்தது ராட்சதனின் ஒரு வீச்சு.

"பதினெட்டு வேணும்" என்றான் மணிவேல். "பதினெட்டுக்குக் கொறைஞ்சா ஹரீஷு காலி."

நான் ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். தௌசிப் இடது கையில் பகடையை எடுத்தான். உருட்டவில்லை. அதைக் கொண்டுபோய் வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்தான். மடித்த துணி என் மடியிலேயே இருந்தது. கட்டைவிரல் நகர்ந்தது. ஆள்காட்டி விரல் வளைந்து அதைச் சந்தித்தது. நான் நீவவில்லை, யாரும் பிடிக்கவில்லை. அந்த விரல்கள் விபத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு பொருளைத் தாங்களே பிடித்தன. தலையணையிலிருந்து கை ஒரு சாண் எழுந்தது. வீசினான்.

வீச்சில் அளவு எங்கே இருக்கும்? பகடை மேசையில் ஒருமுறை குதித்து, விளிம்பைத் தாண்டி, ஃப்ரிட்ஜுக்கடியில் போய்விட்டது. தமிழ்செல்வி போன் லைட்டைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்தாள்.

"இருபது! டேய், இருபதுடா!"

மணிவேல் இரண்டு கையையும் தூக்கினான். அஸ்மத் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். தௌசிப் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செல்லாது" என்றான் ஹரீஷ்குமார்.

யாருக்கும் புரியவில்லை.

"மேசைக்கு வெளியே வுழுந்தா செல்லாது. திரும்பப் போடணும். மொதல்லயிருந்தே நாம வச்சிக்கின ரூலு."

யோசித்துப் பாருங்கள். அந்த இருபது காப்பாற்ற வந்தது இவனுடைய வீரனை. இவன்தான் பூதத்தின் காலடித் தூசியில் கிடக்கிறான். தன் உயிரைக் கொடுத்து விதியைக் காப்பாற்றுகிறான், முகத்தில் துளி வருத்தம் இல்லாமல். இப்படிப்பட்டவனை என்னவென்று திட்டுவது?

தமிழ்செல்வி திட்டினாள். அதையெல்லாம் சொல்ல முடியாது.

தௌசிப் இடது கையால் வலது கையைத் தூக்கித் தலையணைமேல் வைத்து, அதன்மேல் துண்டை இழுத்துப் போர்த்தினான். "நீங்களே போட்டுக்குங்க. இனிமே இங்க ஆட வேணாம்" என்றான்.

"நான் எனக்கு எதிராத்தானே சொன்னேன்?" என்று ஹரீஷ்குமார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "காலைத் தூக்கி வைக்கணும், கெளம்புங்க" என்று அனுப்பிவைத்தேன். சாயங்காலம் எண்ணெய் சூடு பண்ணிக் கொண்டுபோனேன். தௌசிப் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "வேணாம் சிஸ்டரம்மா. அது வேலைக்காவாது, வுட்ருங்க." அதுவரை இரவலாவது கொடுத்துக்கொண்டிருந்த கை, அன்று அதுவும் இல்லை. எண்ணெய் ஆறிப்போனது. பாட்டிலில் திருப்பி ஊற்றினேன்.

மறுநாள் காலை பால் காய்ந்துகொண்டிருக்கும்போதே மணி அடித்தது. ஹரீஷ்குமார். கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஹெல்மெட். யாரையும் பார்க்கவில்லை. நேராக மேசைக்குப் போனான். மேலே இருந்த மருந்து டப்பா, தண்ணீர் ஜக்கு, பிஸ்கட் டின் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் வைத்தான். மேசையின் காலை மடக்கினான். தோளில் தூக்கிக்கொண்டுபோய் பால்கனியில் சாய்த்துவிட்டு வந்தான்.

"என்னாப்பா தம்பி, காலங்காத்தால எங்க வீட்டைக் காலி பண்றியா?" என்றார் அஸ்மத்.

"மேசை இருந்தாத்தானே ஆன்ட்டி மேசைக்கு வெளியேன்னு ஒன்னு இருக்கும்?" என்றான். கதவோரம் இருந்த பாயை எடுத்து நடுவில் விரித்தான். "இப்ப எங்க வுழுந்தாலும் உள்ளதான்."

இந்த இனம் மன்னிப்புக் கேட்காது. விதியில் மன்னிப்புக்கு இடம் இல்லை. விதியை மீறவும் மீறாது. விதிக்கு அடியில் இருக்கும் மேசையை எடுத்துவிடும்.

தௌசிப் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "நேத்து போட்டது?" என்றான்.

"நேத்தது செல்லாது."

"டேய், நீ மனுசனாடா?"

"திரும்பப் போடணும்னுதானே சொன்னேன்? போடு. எனக்கு ஏழு மணி ஷிஃப்டு."

தௌசிப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், விலா குலுங்கியது. காலை நான் தாங்க, தோளை ஹரீஷ்குமார் தாங்க, மெதுவாக இறக்கிப் பாயில் உட்கார வைத்தோம். முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கடியில் ஒன்று. கைக்கு வைக்கப்போனேன், வேண்டாம் என்று தலையாட்டினான். ஹரீஷ்குமார் பகடையை நீட்டினான். கட்டைவிரல் வந்தது, ஆள்காட்டி விரல் வந்தது, நேற்றைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே. பகடை பாயைத் தாண்டி, வாசல் நிலையைத் தாண்டி, செருப்பு ஸ்டாண்டில் முட்டி நின்றது.

ஹரீஷ்குமார் போய்க் குனிந்து பார்த்தான். தொடவில்லை. தொட்டால் செல்லாது.

"மூணு."

"செல்லுமா?" என்றான் தௌசிப்.

"செல்லும். அடி படல. அப்ப நான் செத்துட்டேன்" என்றான் ஹரீஷ்குமார். அவன் முகத்தில் அவ்வளவு திருப்தியை நான் பார்த்ததே இல்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கை நோக்கி ஓடினான்.

தௌசிப் கையை என் பக்கம் நீட்டினான். "எண்ணெய் எங்க சிஸ்டரம்மா?"

சூடு பண்ணி எடுத்துவந்து விரல்விரலாக நீவினேன்.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கலாம். கதை சொல்பவன் மணிவேல் அங்கே இல்லையே, அவன் இல்லாமல் காலை வேளையில் உருட்டிய பகடை எப்படிச் செல்லும்? வந்திருந்தால் கூச்சப்பட வேண்டாம், உங்களை எனக்கு நன்றாகவே தெரியும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பாயில் இன்னொருவருக்கு இடம் இருக்கிறது. மேசையை மட்டும் கொண்டுவராதீர்கள்.