கருப்பட்டிப் பாகில் ஒட்டிய தலைமையாசிரியர்

கைவேலை தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவனிடம்தான் ஊர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது ரகம். போதாக்குறைக்குப் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வாத்தியார் (சிரிக்காதீர்கள், சம்பளம் கொடுத்தார்கள்).

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். எங்கள் தலைமையாசிரியர் மாதேவன் பிள்ளை ஓய்வு பெறுகிறார். தூரத்து முறையில் எனக்கு மாமா. அவர் மகள் தங்கத்தை எங்கள் வீட்டில் எனக்குக் கேட்டிருந்தார்கள். "பாப்போம்" என்று ஒரே சொல்லில் நிறுத்தி வைத்திருந்தார்.

ஆசிரியர்கள் சார்பில் ஒரு பரிசு: பலாக்கட்டைப் பீடம், அதிலேயே செதுக்கிய சின்ன நாற்காலி, அதில் உட்கார ஒரு மண் வாத்தியார், எதிரே சிலேட்டோடு இரண்டு மண் பிள்ளைகள். பொம்மைகளை ஒட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மாமா கண்ணில் படவேண்டுமே!

"வஜ்ஜிரம் காச்சி ஒட்டும் வே, ஆனை இழுத்தாலும் வராது" என்றார் கணக்கு வாத்தியார் ஏசுவடியான்.

"அது மாட்டுத் தோலைக் காச்சுன பசையாக்கும். மாமா முட்டை விக்குத கடையில உப்புகூட வாங்க மாட்டாரு."

"அப்பம் அடியிலேருந்து ஒரு திருகாணி போடும்."

"எங்க மாமாவுக்க குண்டியில ஆணி அடிக்கச் சொல்லுதீரா?"

கருப்பட்டியும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய வீடுகள் எங்கள் ஊரில் அசையாமல் நிற்கின்றன. அதையே குழைத்தேன். சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாகத் தெரிந்து அசிங்கமாக இருந்ததால் அதை விட்டுவிட்டேன். மிச்சம் வெறும் கருப்பட்டிப் பாகு. ஆறியதும் கல்லாக இறுகியது. பீடத்தைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிக் காட்டினேன். ஏசுவடியானே ஒரு பொம்மையை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அதன் பிறகு ஐப்பசி மழை பிடித்தது. பரிசை வைத்திருந்த அலமாரிக்குள் ஈரம் ஏறியதும் பாகு இளகியதும் எனக்கு எப்படித் தெரியும்? விழா அன்று துணி சுற்றியபடியே மேடைக்குக் கொண்டுபோனேன். திறந்து பார்க்கத் தோன்றவில்லை (புத்தி இருந்தால்தானே!).

மாமா துணியை விலக்கி, பீடத்தைச் சபைக்குச் சாய்த்துக் காட்டினார். முதலில் பிள்ளைகள் இருவரும் சிலேட்டோடு சறுக்கி இறங்கினார்கள். அடுத்து மண் வாத்தியார் நாற்காலியிலிருந்து மெதுவாக நழுவி, மாமாவின் மாலைக்குள் போய் விழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கட்டெறும்புகள் கிளம்பி மாமாவின் ஜிப்பாக் கைக்குள் ஏறின. நன்றியுரையை "அன்பார்ந்த" என்று தொடங்கியவர் "அய்யோ" என்றார். துக்கத்தில் தழுதழுக்கிறார் என்று பின்வரிசை கைதட்டியது.

மேடைக்குப் பின்னால் ஜிப்பாவை உதறிக்கொண்டே கேட்டார். "எலே, இது என்னதுலே?"

"கருப்பட்டி மாமா. வஜ்ஜிரம் மாட்டுத் தோலு, நீங்க சைவம்லா..."

"அதுக்கு என்னை எறும்புக்குப் படையல் வச்சியா? ஆளைத் தள்ளிட்டு நாற்காலிய மட்டும் நிறுத்தியிருக்க. பென்சன் வாங்கப் போறவனுக்கு நல்ல மரியாதை!"

தங்கம் இனி நமக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்று வீட்டில் மாமா குதித்தாராம். "மூணு பொம்மைய ஒட்டத் தெரியாதவன் குடும்பத்த எப்படிச் சேத்து வைப்பான்?" அடுக்களையிலிருந்து தங்கம் சொன்னாளாம்: "எறும்புக்கே வயிறு நெறயப் போட்ட ஆளு, எனக்குப் போடாமலா இருப்பாரு?" அத்தை விழுந்து விழுந்து சிரித்துவிட்டார். அதற்கு மேல் மாமாவால் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை.

தையில் கல்யாணம். தாலியைத் தங்கத்தின் கழுத்தில் வைத்தேன். எங்கள் வழக்கப்படி பின்னால் நின்று என் தங்கை முடிச்சுப் போட்டாள். கெட்டிமேளம் ஓய்வதற்குள் மாமா குனிந்து சரட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"முடிச்சு யாரு போட்டது?"

"எனக்க தங்கச்சியாக்கும் மாமா."

"அப்பம் சரி" என்று கையை எடுத்தார்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும், தாலி ஏறியதும் பந்தலிலிருந்து யாராவது ஒருவர் சத்தமாகக் கேட்பார்: "முடிச்சு யாரு போட்டது?" உடனே எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.